நாகூரின் நினைவை அச்சிலேற்றிய நாவலர்
மர்ஹூம் குலாம் காதிறு நாவலர் அவர்களின் வாழ்வும் பணியும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே!

ஒரு சமுதாயத்தின் வரலாறு முதன்முதலில் வாழ்வது அதன் முதியோர் நாவில்தான். ஊரின் பள்ளிவாசல் எப்பொழுது எழுந்தது, அதற்கு நிலம் கொடுத்தவர் யார், ஓதிக் கொடுக்க வந்த ஆலிம் எங்கிருந்து வந்தார், முதன்முதலில் கப்பலேறிக் கடல் கடந்தவர் எவர் என்பனவெல்லாம் முதலில் பேச்சாகவே வழங்குகின்றன. அசர் தொழுகைக்குப் பின் பள்ளித் திண்ணையில் ஒருவர் சொல்ல, நால்வர் கேட்கின்றனர். கேட்டவருள் ஒருவரேனும் எழுதி வைத்தால் அது வரலாறாக நிலைபெறுகின்றது. எவரும் எழுதாவிடில், சொன்னவரின் ஜனாஸாவுடன் அதுவும் மையவாடிக்குச் சென்றுவிடுகின்றது.

காவிரி கடலோடு கலக்கும் கீழ்த்தஞ்சைக் கரையில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், இவ்வாறு நாவிலும் ஏட்டுச் சுவடியிலும் வழங்கி வந்த ஒரு பெருஞ்செல்வத்தை அச்சேற்றித் தமிழ் முஸ்லிம்களின் கையில் கொடுத்தவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். காவியம் பாடிய புலவர், பத்திரிகை நடத்திய ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், உரைநடை வல்லார் எனப் பல துறைகளில் விளங்கிய அன்னாரின் வாழ்க்கை, நம் ஜமாஅத்தின் இளைய தலைமுறைக்குப் பெயரளவிலேனும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

எழுதி வைத்தல் நம் மரபு

நாவலரின் பணியை அறியுமுன், அப்பணி எந்த மரபின் தொடர்ச்சி என்பதை நினைவில் கொள்வது நலம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் நிகழ்ந்த யமாமா போரில், திருக்குர்ஆனை மனனம் செய்திருந்த ஹாபிழ்கள் பலர் ஷஹீதாயினர். மனனம் செய்தோர் மறைந்தால் மறையின் பகுதிகள் மறைந்துவிடுமோ என்ற அச்சம் உமர் (ரலி) அவர்களுக்கு எழுந்தது. அவர்களின் வற்புறுத்தலால் முதற் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள், ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களைக் கொண்டு மறை முழுவதையும் ஒரே தொகுப்பாக எழுதச் செய்தார்கள். ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்களோ, ஒவ்வொரு செய்தியையும் யார் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை முன்வைத்த பின்னரே செய்தியை எழுதினர். செய்தி எவ்வளவு சிறியதாயினும் அதைச் சொன்னவரின் பெயர் விடுபடலாகாது என்பது அவர்கள் வகுத்த நெறி.

இந்திய மண்ணிலும் இம்மரபு தழைத்தது. டில்லியில் ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்களின் சபையில் அமர்ந்திருந்த கவிஞர் அமீர் ஹசன், ஹிஜ்ரி 707ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1308இல், தம் ஞானாசிரியர் பேசியவற்றை நாள் குறித்து எழுதத் தொடங்கினார். ஓராண்டுக்கு மேல் தமக்குள்ளேயே வைத்திருந்த அச்செயலைப் பின்னர் ஆசிரியரிடம் வெளியிட்டபொழுது, தாமும் தம் ஆசிரியர் பாபா பரீத் (ரஹ்) அவர்களின் சொற்களை அவ்வாறே குறித்து வைத்ததாக நிஜாமுத்தீன் அவர்கள் தெரிவித்தார்கள். அமீர் ஹசன் காதில் சரியாக விழாத இடங்களை வெற்றிடமாக விட்டிருந்தார். அவ்விடங்களை ஆசிரியரே நிரப்பித் தந்தார்கள். ஏறக்குறைய 15 ஆண்டுகளில் 188 அமர்வுகளின் உரையாடல்கள் பதிவாயின. பவாயிதுல் புவாது என்னும் அந்நூல் இன்றும் அச்சபையை நம் கண்முன் நிறுத்துகின்றது. அதே காலத்தில் டில்லிப் படைகள் 1311இல் தமிழகம் வரை வந்து சென்ற வெற்றிகளை அமீர் குஸ்ரு எழுதினார். அவருடைய நண்பர் ஹசனோ ஒரு பெரியாரின் பேச்சை எழுதினார். படைகளின் வெற்றி சில ஆண்டுகளில் மறைந்தது. அந்தப் பேச்சு எழுநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

தமிழிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ்ப் பேரிலக்கியங்களுள் மிகப் பழையதெனப் போற்றப்படும் ஆயிரம் மசலா, வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பெற்று 1572இல் மதுரையில் அரங்கேறியது. அந்நூல் முழுவதும் ஓர் உரையாடலே. யூத அறிஞராயிருந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் வினவ, நபி (ஸல்) அவர்கள் விடையளிப்பதாக அது அமைந்துள்ளது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் கேட்டு எழுதப்பெற்ற செய்திகளின் மேல் எழுந்த காவியம் என்றே மரபு கூறும். அரபு நூல்களில் கண்ட வரலாற்றை ஆலிம்கள் வாய்மொழியாக விளக்க, அதனைக் கேட்டுப் புலவர் தமிழில் பாடினார் என்பர்.

ஆக, பெரியோர் சொல்லக் கேட்டு எழுதி வைத்தல் நமக்குப் புதிதன்று. அம்மரபு பனையோலையை விட்டு அச்சு யந்திரத்துக்கு மாறிய காலத்தில், கீழ்த்தஞ்சைப் பகுதியில் அதை ஏற்று நடத்தியவரே நம் நாவலர்.

பிறப்பும் கல்வியும்

குலாம் காதிறு நாவலர் 1833ஆம் ஆண்டு நாகூரில் பிறந்தார். அவர் பிறந்து இரண்டாண்டுகளில், 1835இல், இந்தியர்கள் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. அவருடைய இளமைக் காலத்தில், 1842இல், காயல்பட்டினத்துச் சேகனாப் புலவர் என்னும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாப்புராணத்தை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது. நாகைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் சென்று வந்தன. ஏடு அச்சாகவும், பாய்மரம் நீராவியாகவும் மாறிக்கொண்டிருந்த காலம் அது.

நாகூரோ அக்காலத்திலும் பல ஊர் மக்கள் கூடும் தலமாக விளங்கியது. வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் ஞானக் கல்வி பெற்று, 16ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் ஆட்சிக் காலத்தில் நாகூர் வந்து தங்கிய ஹஜ்ரத் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் தர்கா அங்கு அமைந்துள்ளது. அதன் ஐந்து மனோராக்களுள் மிக உயர்ந்ததும் 131 அடி உயரமுடையதுமான பெரிய மனோராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் ஆவார். ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடைபெறும் கந்தூரிக்கு வயலில் உழுவோரும், கடலில் மீன்பிடிப்போரும், கப்பல் வணிகரும் சமய வேறுபாடின்றி வந்து கூடுவர். வந்தவர்கள் தம் ஊர்களுக்குத் திரும்புகையில் கொண்டு சென்றவை தபர்ருக்கும், கேட்ட கதைகளுமே. பக்கீர்கள் தாயிராவை முழக்கிப் பாடினர். பெண்கள் முனாஜாத்து ஓதினர். முதியோர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லினர். ஒரு மகானின் வாழ்க்கை இவ்வாறே நாவிலிருந்து நாவுக்குச் சென்று கொண்டிருந்தது. அச்சூழலில் வளர்ந்தவர் நாவலர்.

தமிழ்க் கல்வியில் அவருக்கு வாய்த்த பெரும்பேறு, மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பாடம் கேட்டமையாகும். 1815 முதல் 1876 வரை வாழ்ந்த பிள்ளையவர்கள், பிற்காலத்தில் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் தங்கிச் சோழநாட்டு மாணவர் பலருக்குத் தமிழ் கற்பித்தார்கள். நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலுக்கென்றே திருநாகைக்காரோணப் புராணம் பாடிய அந்தச் சைவப் பெரியார், மாணவரின் சமயத்தைப் பாராமல் தமிழை வாரி வழங்கினார்கள். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும், முஸ்லிமான நம் நாவலரும், பின்னாளில் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெற்ற உ.வே. சாமிநாதையரும் அவ்வொரே ஆசிரியரின் மாணவர்கள். கந்தூரிக் கூட்டத்தில் காணும் நல்லிணக்கத்தைத் தஞ்சைத் தரணியின் தமிழ்ப் பாடசாலையிலும் காண முடிந்தது.

செய்யுளில் ஏறிய செய்திகள்

நாவலர் முதலில் கைக்கொண்டது செய்யுள் வழியையே. புலமை என்றாலே செய்யுள்தான் என்று கருதப்பெற்ற காலம் அது. கலம்பகம், கோவை, திரிபந்தாதி, மும்மணிக்கோவை, காவியம் எனத் தமிழின் பல யாப்பு வடிவங்களிலும் அவர் இஸ்லாமியப் பொருளை அமைத்துப் பாடினார். நாகூருக்கு ஒரு கலம்பகம், பகுதாதுக்கு ஒரு கலம்பகம், மதீனாவுக்கு ஒரு கலம்பகம் என்று அவர் பாடிய வரிசையைக் கண்டால், ஒரு கீழ்த்தஞ்சைப் புலவர் தம் ஊரை இஸ்லாமிய உலகின் பெருநகரங்களோடு ஒரே நூலில் கோத்துக் காட்டுவது விளங்கும். குவாலியருக்கும் ஒரு கலம்பகம் பாடினார். நாகூர் மகானின் ஆசிரியர் அடங்கியிருக்கும் ஊர் அதுவாகும். மாணவரைப் பாடியவர் ஆசிரியரையும் பாடினார். தொடரின் ஒரு கண்ணி விடுபடாதபடி பார்த்துக்கொண்டார்.

1893இல் நாகூர்ப் புராணம் வெளிவந்தது. ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் வரலாற்றை இவருக்கு முன்பே சேகனாப் புலவர் திருக்காரணப் புராணம் என்னும் பெயரில் பாடியிருந்தார். முன்னோர் நூலை மதித்து, அதே பொருளைத் தம் காலத்துக்கு மீண்டும் பாடினார் நாவலர். 1896இல் ஆரிபு நாயகம் என்னும் காவியம் வெளிவந்தது. 12ஆம் நூற்றாண்டில் இராக் நாட்டில் வாழ்ந்த செய்யிது அஹ்மது கபீர் ரிபாயி (ரஹ்) அவர்களே அதன் தலைவர். கந்தூரி நாட்களில் பக்கீர்களின் பாட்டில் மட்டுமே அப்பெரியாரின் பெயரைக் கேட்டிருந்த எளிய மக்களுக்கு, அன்னாரின் முழு வாழ்க்கையும் தமிழில் கிடைத்தது.

யாழ்ப்பாணத்துப் புலவர்களும் அவருடைய புலமையைப் போற்றினர். அவர் பெயரோடு நிலைத்துவிட்ட நாவலர் என்னும் சிறப்புப் பட்டம் யாழ்ப்பாணத்தில் வழங்கப்பெற்றதாகும். ஆறுமுக நாவலர் பிறந்த மண்ணில், நாகூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் புலவருக்கு அதே பட்டம் கிடைத்தது என்பது சிறிய செய்தியன்று.

கடல் கடந்த பத்திரிகைப் பணி

நாகூரின் வரலாறு நாகூரோடு முடிவதில்லை. கீழ்த்தஞ்சை மக்கள் தொழில் நாடிச் சென்ற இடங்களிலெல்லாம் தம் ஊர் நினைவையும் உடன் கொண்டு சென்றனர். பினாங்கில் நாகூர் மகானின் பெயரால் ஒரு நினைவிடம் எழுந்தது. சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பெற்ற நாகூர் தர்கா இன்றும் அந்நாட்டின் தேசியச் சின்னங்களுள் ஒன்றாகப் பாதுகாக்கப்படுகின்றது. கல்லால் கட்டியவர்கள் ஒருபுறம். எழுத்தால் கட்டியவர்கள் மற்றொருபுறம். இரண்டாவது வகையில் நாவலருக்குப் பெரும் பங்கு உண்டு.

1883இல் பினாங்கில் வித்தியா விசாரிணி என்னும் தமிழ் ஏட்டை அவர் நடத்தினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் இலங்கையில் அறிஞர் சித்திலெப்பை அவர்கள் முஸ்லிம் நேசன் என்னும் வார ஏட்டைத் தொடங்கியிருந்தார்கள். 1887இல் சிங்கப்பூரில் சிங்கை நேசன் தோன்றியது. வங்காள விரிகுடாவின் கரையெங்கும் பரவியிருந்த தமிழ் முஸ்லிம்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள இவ்வேடுகளே மேடையாயின. ஓர் ஊர்க்காரர் கடிதம் எழுத, வேறோர் ஊர்க்காரர் மறுத்தெழுத, ஆசிரியர் விளக்கமளிக்க, பள்ளித் திண்ணையில் நடந்த விவாதம் கடல் கடந்து அச்சில் நடைபெற்றது. அன்றைய மக்கள் எதைப் பற்றிக் கவலையுற்றனர், எந்த மார்க்க வினாவில் கருத்து மாறுபட்டனர், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றி என்ன எண்ணினர் என்பதை நாம் இன்று அறிய வேண்டுமானால், அக்காலத்து இத்தகைய ஏடுகளின் பழைய பிரதிகளைத்தான் நாட வேண்டியுள்ளது. தொகுத்து வைத்தவை எஞ்சின. கட்டிப் பரணில் போட்டவை கரையானுக்கு இரையாயின.

உரைநடையைத் தேர்ந்த துணிவு

நாவலரின் வாழ்வில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இது. காவியம் பாட வல்ல ஒருவர், அதனினும் எளிய உரைநடையைத் தேர்ந்தெடுத்தார்.

1889இல் உமறு பாஷா யுத்த சரித்திரம் என்னும் பெரிய உரைநடை நூலை வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் ரெய்னால்ட்ஸ் எழுதிய புதினத்தின் தமிழாக்கம் அது. 1853 முதல் 1856 வரை நடைபெற்ற கிரிமியப் போரில் துருக்கியப் படைக்குத் தலைமை தாங்கிய உமர் பாஷாவே அதன் நாயகர். தமிழில் புதினம் என்னும் வகையே தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. 1885இல்தான் சித்திலெப்பை அவர்களின் அசன்பே சரித்திரம் வந்திருந்தது. செய்யுள் பயிலாத வாசகரும் படிக்கத்தக்க நூல்கள் நம் சமுதாயத்துக்குத் தேவை என்பதை இவ்விரு பெரியாரும் செயலில் காட்டினர்.

1902இல், தம் 69ஆம் வயதில், கன்ஜுல் கறாமத்து என்னும் நூலை நாவலர் வெளியிட்டார். கறாமத்துகளின் கருவூலம் என்பது அப்பெயரின் பொருள். ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் பிறப்பு, கல்வி, பயணங்கள், நாகூர் வருகை, மக்கள் கண்டு சொல்லிய அற்புதங்கள் ஆகியவற்றை வசன நடையில் கூறும் நூல் அது. ஒன்பதாண்டுகளுக்கு முன்னர் செய்யுளில் புராணமாகப் பாடிய அதே பொருளை, அவரே மீண்டும் உரைநடையில் எழுதினார் என்பது கருதத்தக்கது. புராணத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு புலவர் வேண்டும். வசன நூலை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரு சிறுவன் உரக்கப் படித்தால், வீட்டிலுள்ள பெண்களும் முதியோரும் சுற்றியமர்ந்து கேட்கலாம். வாயிலிருந்து வந்த செய்தி நூலாகி, நூலிலிருந்து மீண்டும் வாய்க்கே திரும்பிச் செல்ல வழி செய்தது அந்த உரைநடை.

இத்தகைய நூல்களைப் படிக்கும்பொழுது நாம் கொள்ள வேண்டிய ஒரு தெளிவும் உண்டு. கறாமத்து நூல் அரசாங்க ஆவணம் போன்றதன்று. நிகழ்ந்தது இன்னது என்பதோடு, நிகழ்ந்ததாக மக்கள் நம்பிச் சொல்லி வந்தது இன்னது என்பதும் அதில் அடங்கியுள்ளது. நம்பிக்கையை நம்பிக்கையாகவும், ஆண்டும் கல்வெட்டும் உறுதி செய்யும் செய்தியை வரலாறாகவும் பிரித்தறியும் கடமை படிப்பவருக்கு உண்டு. ஹதீஸ் தொகுத்த இமாம்கள் அறிவிப்பாளரை ஆராய்ந்து செய்தியைத் தரம் பிரித்தது இத்தெளிவுக்காகவே. ஆனால் ஆராய்வதற்கு முதலில் செய்தி எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதப்பெறாத ஒன்றை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நாவலர் எழுதி வைத்ததனாலேயே, 1902இல் நாகூர் மக்கள் தம் மகானைப் பற்றி எதை நினைவில் கொண்டிருந்தனர் என்பது இன்று ஆய்வாளருக்கும் கிடைக்கின்றது.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தில்

1901ஆம் ஆண்டு பாலவநத்தம் குறுநில மன்னர் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்துப் புலவர் வரிசையில் முதியவரான நாவலரும் இடம் பெற்றார். அச்சங்கத்தின் நக்கீரர் என்று அவரைப் போற்றுவதும் உண்டு. 1903இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவராற்றுப்படை என்னும் நூலை இயற்றினார். ஆற்றுப்படை என்பது சங்க காலத்து இலக்கிய வகை. பரிசில் பெற்று வரும் ஒரு புலவர், வழியில் எதிர்ப்படும் மற்றொரு புலவருக்குத் தாம் சென்ற வழியைக் கூறி ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. தாம் கண்டதைப் பின்வருவோருக்குச் சொல்லி வைக்கும் அவ்விலக்கிய வகையை, வாழ்நாள் முழுவதும் அதையே செய்த புலவர் தம் முதுமையில் பாடியது பொருத்தமாக அமைந்தது. அவருடைய மகனார் ஆரிபு நாவலரும் தந்தையின் வழியில் தமிழ்ப் புலவராக விளங்கினார்.

1908ஆம் ஆண்டு குலாம் காதிறு நாவலர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு அப்பொழுது வயது ஏறக்குறைய 75.

எழுதியவரை எழுதியவர் யார்?

இவ்விடத்தில் ஒரு செய்தியை ஒப்புநோக்குதல் பயன்தரும். நாவலரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார்கள். ஐம்பதாண்டுகளுக்கும் மேலாகித் தாமும் முதுமையெய்திய பின்னர், மாணவர் உ.வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். தாம் நேரில் கண்டதையும், ஆசிரியர் சொல்லக் கேட்டதையும், பழகியவர்களிடம் விசாரித்து அறிந்ததையும் திரட்டி அமைத்த நூல் அது. ஆகவே பிள்ளையவர்கள் எவ்வாறு பாடம் சொன்னார்கள், எந்த ஊரில் எந்தச் சத்திரத்தில் தங்கினார்கள், வறுமையில் எவ்வாறு இருந்தார்கள் என்பதையெல்லாம் நாம் அறிகின்றோம். நம் நாவலர் அவ்வாசிரியரிடம் பாடம் கேட்ட செய்தியும் சாமிநாதையரின் எழுத்தால் நிலைபெற்றுள்ளது.

நாவலருக்கோ ஓர் அமீர் ஹசனும் ஒரு சாமிநாதையரும் வாய்க்கவில்லை. அவர் இயற்றிய நூல்கள் உள்ளன. நூலின் முகப்பில் ஆண்டு உள்ளது. ஆனால் பினாங்குக் கப்பலில் அவர் கண்டது என்ன, அச்சுக்கூடத்தில் பட்ட பாடு என்ன, நாகூர் மகானின் வரலாற்றை யார் யார் வாயிலாகக் கேட்டார், மாணவர்களிடம் எவ்வாறு உரையாடினார் என்பவற்றைக் கூறும் ஓர் உரையாடல் தொகுப்பு நம் கையில் இல்லை. அவரோடு பழகியவர்கள் நாகூரிலும் காரைக்காலிலும் பினாங்கிலும் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்களுள் ஒருவர் நாள்தோறும் நான்கு வரி குறித்து வைத்திருந்தால், இன்று நம் கட்டுரை வேறு விதமாக அமைந்திருக்கும். ஓர் ஊரின் நினைவை அழியாமற் காத்தவரின் சொந்த நினைவே பெரிதும் மறைந்துபோனது என்பது, நமக்கு வருத்தத்தையும் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகின்றது.

நம் கடமை

அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, இராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என நம் பகுதியில் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஊர்கள் பல. ஒவ்வோர் ஊரிலும் முதியோர் உள்ளனர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலாயா சென்றவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம். 1942இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே திரும்பிய தந்தையரின் அனுபவத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கின்றனர். 1952ஆம் ஆண்டு புயலில் கூரை பறந்ததைக் கண்ட சிறுவர்கள் இன்று எண்பதைக் கடந்த பெரியவர்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபொழுது, உயிரிழந்தோரைச் சமயம் பாராமல் நாகூர் தர்கா நிலத்தில் அடக்கம் செய்ததைக் கண்ணால் கண்டவர்களும் நம்மிடையே உள்ளனர். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நூலகம். இந்நூலகங்களுக்குத் தவணை உண்டு. அத்தவணையை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

நாவலர் காலத்தில் ஒரு நூலை வெளியிடப் பொருளுதவி செய்ய ஒரு வள்ளல் வேண்டும், எழுத்துக் கோப்பவர் வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும். இன்று சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே ஒருவரின் குரலைப் பதிவு செய்துவிடும். கருவி எளிதாயிற்று. ஆனால் முறை பழைய முறையாகவே இருத்தல் வேண்டும். பேசுபவரின் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள் ஆகியவை முதலில் இடம்பெறல் வேண்டும். அவர் தாமே கண்டதை ஒருவிதமாகவும், பிறர் சொல்லக் கேட்டதை யாரிடம் கேட்டார் என்னும் குறிப்போடு வேறுவிதமாகவும் குறித்தல் வேண்டும். விளங்காத இடத்தில் நாமாக இட்டு நிரப்பாமல், அமீர் ஹசன் செய்தது போல வெற்றிடமாக விட்டு, அவரிடமே மீண்டும் கேட்டல் வேண்டும். வெளியிட வேண்டா என்று அவர் கூறும் குடும்பச் செய்தி அமானிதமாகும். அதைக் காத்தல் நம் மீது கடமை. பதிவு செய்ததைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல், எழுத்தில் பெயர்த்து, ஒரு படி பள்ளிவாசல் அலுவலகத்திலும் ஒரு படி அக்குடும்பத்தினரிடமும் வைத்தல் நலம். கைப்பேசி பழுதாகும் நாளில் தாள்தான் கைகொடுக்கும்.

பேச்சுக்குத் துணை நிற்கும் சான்றுகளையும் மறக்கலாகாது. பழைய நிக்காஹ் தப்தர்கள், ஜமாஅத் கூட்டத் தீர்மானப் புத்தகங்கள், வக்பு பத்திரங்கள், அரபுத் தமிழில் எழுதப்பெற்ற கிதாபுகள், மையவாடியிலுள்ள மீஸான் கற்கள் ஆகியவை முதியோர் சொல்வதைச் சரிபார்க்க உதவுவன. அரபுத் தமிழைச் சரளமாக வாசிக்க அறிந்தோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்பொழுதே அக்கிதாபுகளை வாசிக்கச் செய்து பதிவு செய்துகொள்வது அறிவுடைமை.

பெண்களின் நினைவையும் தனியே போற்றுதல் வேண்டும். பள்ளிவாசலின் வரலாற்றை ஆண்கள் அறிவர். குடும்பத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் வீட்டிலுள்ள நன்னிமார்களே. தாலாட்டும், முனாஜாத்தும், மசலாக் கதைகளும், நோன்புக் கஞ்சியின் பக்குவமும், அந்தந்த ஊரின் நிக்காஹ் வழக்கங்களும் அவர்கள் நினைவில் உள்ளன. பேத்தி கேட்டால் நன்னி மனம் திறந்து சொல்வார். இப்பணியில் நம் மதரஸா மாணவியரும் கல்லூரி மாணவியரும் ஈடுபடுவது மிகவும் பொருந்தும்.

நாகூர் குலாம் காதிறு நாவலர் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு ஓர் ஊரின் நினைவை நமக்கு விட்டுச் சென்றார். அவருடைய நூல்கள் நம் நூலகங்களில் இடம்பெறுதலும், நம் பிள்ளைகள் அவற்றைப் படித்தலும் அன்னாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அதனினும் சிறந்த நன்றி, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே. இவ்வாண்டு ரமலானுக்குள் நம் மஹல்லாவின் ஒவ்வொரு தெருவிலும் ஒரு முதியவரின் பேச்சேனும் எழுத்தில் ஏறுமாயின், அடுத்த தலைமுறை நம்மைக் குறைகூறாது.

வல்ல நாயன் மர்ஹூம் நாவலர் அவர்களின் பணிகளை ஏற்று, அன்னாரின் மண்ணறையைச் சுவனப் பூங்காவாக ஆக்கியருள்வானாக! நம் முதியோருக்கு நீண்ட ஆயுளையும் நல்ல நினைவாற்றலையும், நமக்கு அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு உண்மையுடன் எழுதி வைக்கும் தவ்பீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.